பொட்டு வைத்த கண்ணாடிக் குழாய்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஜொகூர் பாருவில் நடந்தது இது. அப்போது நான் கூலாய் பக்கம் ரப்பர் எடுக்கும் ஒரு கித்தா தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. நீட்டி எழுத வராது.

என் தம்பிக்குப் படிப்பு நன்றாக வந்தது. சிங்கப்பூரில் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றான். அதற்கு முதலில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேற வேண்டும். அதற்கென்றே பிள்ளைகளைத் தயார் செய்யும் பள்ளிக்கூடம் ஒன்று ஜொகூர் பாருவில் இருந்தது. துணிக்கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர் நடத்தினார். முதலாளி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சேர்க்கப் போன அன்று அவரே சுற்றிக் காட்டினார். மாடியில் லேப். கண்ணாடி அலமாரி நிறைய சீமைச் சாமான். கீழே புத்தகசாலை. பின்னால் பந்து விளையாட மைதானம். வாயைப் பிளந்து பார்த்தேன். சேர்த்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. புத்தகசாலைக்குப் பூட்டு. புத்தகம் கசங்குமாம். மைதானத்தைச் சுற்றிக் கம்பி. புல் தேயுமாம். லேப்புக்கும் பூட்டு. சாவி முதலாளி இடுப்பில்.

பாடம் நடத்தியவர் யாழ்ப்பாணத்து வாத்தியார். நல்ல மனிதர், பயந்த மனிதர். கண்ணாடிக் குழாயைக் கரும்பலகையில் வரைவாராம். அதன் அடியில் நெருப்பை வரைவாராம். "இப்ப இது நீலமா மாறும், பாருங்கோ" என்று சொல்லி, அவரே நீலச் சுண்ணக்கட்டியை எடுத்துப் பூசுவாராம். தம்பி இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சையில் குழாயைக் கையில் கொடுத்து, செய்து காட்டு என்பார்கள். அதில் விழுந்தால் டாக்டர் படிப்பு போச்சு. தோட்டத்துக்குத் திரும்பி வந்து மரம் சீவ வேண்டியதுதான்.

டவுனுக்கு லாரி வரும்போதெல்லாம், லேப்பைத் திறந்துவிடச் சொல்லி முதலாளியிடம் போய் நின்றேன்.

"பரீட்சை நெருங்கட்டும் டிரைவரே" என்பார்.

நெருங்கியது. மறுபடி கேட்டேன்.

"இப்பத் தொட்டு உடைச்சுப்புட்டாங்கன்னா, அடுத்த வருசம் வர்றவனுக்கு எதைக் காட்டிச் சேக்கிறது?" என்றார். ஒளிவு மறைவே இல்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. பள்ளிக்கூடத்துப் பூஜைக்கு வாழைமரம் ஏற்றி வரச் சொல்லி ஆள் விட்டிருந்தார். இதற்கு மட்டும் நான் வேண்டும். தோட்டத்து வெள்ளைக்காரத் துவானிடம் கேட்டுக்கொண்டு, காலையில் என் லாரிக்குப் பூஜையை முடித்துவிட்டுப் போனேன்.

போனால், லேப் திறந்து கிடக்கிறது. சாமான் எல்லாம் மேசை மேல் வரிசையாக. ஒவ்வொரு குழாய்க்கும் சந்தனம், குங்குமம். தராசுக்கு மாலை. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார்கள். தம்பி என் காதருகே வந்தான்.

"அண்ணே, போர்டுல பாத்ததை விட ரொம்பச் சின்னதா இருக்குண்ணே."

அவன் தோளைத் தட்டிச் சுவர் ஓரத்துக்கே அனுப்பினேன்.

தீபாராதனை முடிந்தது. சுண்டல் கொடுத்தார்கள். முதலாளி காவல்கார ஜாகாவைக் கூப்பிட்டார். "காலையில பொட்டை எல்லாம் தொடைச்சு, உள்ள வெச்சுப் பூட்டிடு."

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"முதலாளி, நானுந்தான் இன்னிக்கு லாரிக்குப் பூஜை போட்டேன். போட்டுட்டு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். ஓட்டாம கொட்டாயில நிறுத்திப் பூட்டவா பூஜை?"

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லாரும் திரும்பினார்கள். முதலாளி முகம் கறுத்தது. "உன் லாரியும் இதுவும் ஒண்ணாய்யா?"

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தது அவர் வீட்டம்மா. கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவரு சொல்றதுல என்னங்க தப்பு? பூஜையில வெச்சதை விஜயதசமியன்னிக்குக் கையால எடுத்து வேலை செய்யணும். தொடாம மூடி வெச்சா நம்ம வீட்டுக்கு ஆகுமா? கடையில நாளைக்கு நீங்க கத்திரி எடுத்துத் துணி வெட்டாம விடுவீங்களா?"

முதலாளி மேசையைப் பார்த்தார். சாமி படத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு நாள். மத்தியானம் வரைக்கும்" என்றார்.

மறுநாள் வாழைமரத்தை எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நானும் போய் வாசலில் நின்றேன். முதலாளியும் வீட்டம்மாவும் ஓரமாக நின்றிருந்தார்கள். வாத்தியார் கோட்டு போட்டு வந்திருந்தார். குழாயை இரண்டு கையாலும் எடுத்தார். பிள்ளைகள் பொட்டைக் கழுவினார்கள். ஊற்றினார்கள், சூடு காட்டினார்கள். தம்பி கையிலிருந்த குழாய்த் தண்ணீர் நிஜமாகவே நீலமாக மாறியது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

அப்போது ஒருவன் கையிலிருந்து குழாய் நழுவியது. சிலீர்! முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா, "போகட்டும், திருஷ்டி கழிஞ்சுது" என்றார். திறந்த வாயை அவர் அப்படியே மூடிக்கொண்டார்.

சொன்னபடி மத்தியானம் பூட்டினார். பரீட்சை வரை திறக்கவே இல்லை.

தம்பி தேறினான். கூட எழுதியவர்களில் பலர் அந்தக் குழாய்ப் பரீட்சையிலேதான் விழுந்தார்கள். ஒரு காலை நேரம் போதுமா, எல்லாருக்கும்? தம்பி தேறியதும் முதலாளி அவனைக் கூப்பிட்டு, பூட்டிய அலமாரிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். பள்ளிக்கூட வாசலில் மாட்டினார். 'எங்கள் லேப்பில் பயின்றவர்' என்று கீழே எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு லாரியில் ஏறி வண்டியைக் கிளப்பினேன். வேறு என்ன செய்ய?

தம்பி படித்து டாக்டரானான். நான் இன்னும் வண்டிதான் ஓட்டுகிறேன். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது, அந்தக் குழாய் உடைந்த சத்தம் எனக்குக் கேட்கும்; அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்ததற்கு அடையாளமாக நான் கேட்ட ஒரே சத்தம் அதுதான்.