எட்டுப் பேர் சொன்ன இடம்

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடியே வேலை செய்பவர். கரையேறிய பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசுவார்.

எங்கே எவ்வளவு கிடைத்தது என்று கேட்டுச் செயலியில் பதிவது என் வேலை. அதை வைத்து, நாளை எங்கே கிடைக்கும் என்று செயற்கை நுண்ணறிவு எல்லோருக்கும் சொல்லும். அக்கா என்னை நம்பிச் சொன்ன இடத்தையும் சொல்லிவிட்டது. வெளியூர்ப் படகுகள் வந்து வழித்துக்கொண்டு போயின.

அடுத்த முறை நான் போனபோது, அவர் பின்னால் ஏழு பெண்கள் நின்றார்கள்.

"ஒருத்தி சொன்னா அது நம்பாதுனு நீதான தம்பி சொன்ன? எழுதிக்கோ. வடக்கு திட்டாண்ட செம இறால்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அங்கே இருப்பது சிப்பிப் படுகை.

"வர்ற படகுக்காரங்க வலை கிழிஞ்சிடுமேக்கா?"

"கிழியட்டும். காத்து வருதுனு சொல்லி அது என் புருசன காப்பாத்துச்சு, இல்லன்னு சொல்லல. அதுக்காக என் சோத்த புடுங்கிக் குடுத்தா சும்மா வுடுவனா?"

எட்டையும் பதிந்தேன். இரண்டாம் நாள் படகுகள் கிழிந்த வலைகளோடு திரும்பின. அவர்களில் ஆரம்பாக்கத்துக்காரர் ஒருவர், முன்பு அக்காவின் இடத்துக்கு வந்தவரே இல்லை. அதை அக்காவிடம் சொன்னேன்.

"அவன் வலைய மட்டும் எடுத்துட்டு வா. தைச்சித் தரேன்."

நான்தான் பேருந்தில் கொண்டுவந்தேன். மூன்று நாள் உட்கார்ந்து தைத்தார். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தைகூட வருந்திச் சொல்லவில்லை. பொய்யென்று தெரிந்தும் பதிந்த நானும் இதுவரை வருந்தவில்லை.