தோண்டிப் பார்த்த விதை

போன வருஷம் புரட்டாசி மாதம், பரளச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் புஞ்சையில் நடந்தது இது. கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். எப்போது விதைப்பது என்பதை முதல் தடவையாக நானே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் பக்கம் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். நல்ல மழை பெய்தால் பயிர் முந்திக்கொள்ளும். அரைகுறையாகப் பெய்தால் முளை வந்து கருகிவிடும். ஊரில் பாதிப் பேர் விதைத்தார்கள், பாதிப் பேர் பொறுத்தார்கள். நான் மக்காச்சோளத்தை விதைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தூறல் விழுந்தது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நின்றும் விட்டது. இது போதுமா, போதாதா? விதை முளை விட்டிருக்குமா? போனில் கணவர், "இன்னுங் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல?" என்றார். அதோடு போனது என் நிம்மதி.

விடிந்ததும் வரப்போரம் உட்கார்ந்து விரலால் தோண்டிப் பார்த்தேன். மருந்து பூசிய ரோஸ் நிற விதை போட்டபடியே கிடந்தது. அப்பாடா என்றிருந்தது. பக்கத்தில் தோண்டினால், அது ஈரம் குடித்து உப்பியிருந்தது. இனி மழை வராவிட்டால் இது கருகிவிடும். எதை நம்புவது? இன்னொன்றைத் தோண்டினேன்.

அடுத்தடுத்த நாளும் இதே வேலைதான். குழம்புக்கு உப்புப் போட்டேனா, அடுப்பை அணைத்தேனா, ஒன்றும் நினைவில் நிற்காது. ஒரு நாள் திருச்சுழிக்குப் பஸ் ஏறியவள் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து தோண்டினேன். ஏன் இறங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அன்று அரிவாளோடு அந்த வழியாகப் போன பக்கத்துப் புஞ்சைக்காரி பார்த்துவிட்டாள். என்னைவிடச் சின்னவள். நான் விதைத்த அன்றுதான் அவளும் விதைத்திருந்தாள்.

"என்ன மதினி, வெதச்சதத் தோண்டிக்கிட்டு இருக்கீக?"

"ஈரம் புடிச்சிருக்கான்னு பாத்தேன்."

"பாத்து என்ன செய்யப் போறீக?"

எனக்கு அழுகைதான் வந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மதினி. பாத்தா கை சும்மா இருக்காதுன்னுதான் இந்தப் பக்கமே திரும்புறதில்ல. கம்மாக்கரைக்கு வெறகு வெட்டப் போறேன், வாரீகளா?"

போனேன். சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து பயந்து வெட்டும்போது மனசால் வேறெங்கும் போக முடியவில்லை. அரிவாளைக் கீழே வைத்ததும் பழையபடி குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி அரிவாளை எடுத்தேன். மழை வரும்வரை அப்படித்தான் ஓட்டினேன்.

நல்ல மழையே வந்தது. புஞ்சை முழுக்கப் பச்சை. வரப்போரம் மட்டும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மொட்டையாகக் கிடந்தது. வீடியோ காலில் பார்த்த கணவர், "அங்க மட்டும் ஏன் மொளைக்கல?" என்று கேட்டார். எறும்பு தூக்கிப் போய்விட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

இப்போதும் அவர் போன் வரத் தாமதமானால் மனசு ஒவ்வொன்றாகக் கிளற ஆரம்பித்துவிடும். எது நியாயமான பயம், எது வீண் பயம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியாது. அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். மழை கெடுக்காத அந்தப் பாயளவு இடத்தைக் கெடுத்தது என் கைதானே.