வத்தல் குடோன் தும்மல்

பிள்ளைகளே, திருச்சுழி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒல்லியான வாலிபர். முன்சீட்டுக் கம்பியில் விரலால் தாளம் போட்டபடியே வந்தார். ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவராம். முதல் ஆல்பத்தை அருப்புக்கோட்டையில், இவர் வீட்டு மிளகாய் வத்தல் குடோனில், மூட்டைகளுக்கு நடுவே தும்மித் தும்மிப் பதிவு செய்தார்களாம். இரண்டாவதைச் சென்னையில் செய்தார்கள். அது அன்று காலைதான் வெளியாகியிருந்தது.

ஓர் இயர்போனை எனக்குக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். இரண்டு பாட்டு முடிவதற்குள் அவர் விரல்கள் நின்றுவிட்டன. பாடகருக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்டது.

"ஏலே, நான் வாசிச்சது எங்கலே?"

"கம்ப்யூட்டர் அடி சுத்தமா இருக்குலே, அதை வச்சிட்டோம். உன்னைய விட்டுருவமா? கடைசிப் பாட்டுல உன் பழைய குடோன் தும்மலைப் போட்டிருக்கோம். எல்லாருக்கும் அதான் பிடிச்சிருக்கு."

போனில் அந்தப் பக்கம் பல பேர் சிரித்தார்கள். இவர் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. பழசு நல்லாருக்குமா, இதா?"

"பழசைக் கேட்டதில்லையே தம்பி" என்றேன்.

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் தோட்டத்து மோட்டார் ரூமில் தனியாக உட்கார்ந்து, இரண்டு ஆல்பத்தையும் போனில் முழுக்கக் கேட்டேன். புதுசுதான் நன்றாக இருந்தது.