அத்தானின் இதயம் பற்றி நான் சொல்லாமல் விட்டது

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். முப்பத்தொரு நாட்களுக்கு முன் எம்மைப் பிரிந்த அத்தானைப் பற்றி எழுதும்படி அக்கா என்னைக் கேட்டார். அவருடைய புகழை மட்டும் எழுதினால் நான் பொய் எழுதியவனாவேன்.

அத்தான் பிரேசிலின் ரெசீஃபே நகரில், மேட்டில் ஏறும் ஒரு குறுகிய தெருவில் பிறந்தார். அங்கே பந்தடிக்கும்போது ஓர் அணி மேல்நோக்கித்தான் ஓட வேண்டும். எல்லோரிலும் சிறியவரான அத்தானை எப்போதும் அந்த அணியில் போடுவார்களாம். வெறுங்காலுடன் மேட்டில் ஓடியே தனக்கு வேகம் வந்தது என்பார். அவருக்கு ஏழு வயதில், அதே தெருவில் நடந்து வந்த தகப்பனார் திடீரெனச் சரிந்து விழுந்து இறந்தார். ஏன் என்று எவரும் தேடவில்லை. அடுத்த வாரமே அந்த இடத்தில் பிள்ளைகள் பந்தடித்தார்கள். அத்தானும் அடித்தார்.

ஊர் உதைபந்தாட்டக் கழகம் ஒன்று அவரைத் தெருவிலிருந்து அழைத்துக்கொண்டது. பத்தொன்பது வயதில் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹேக்கு அருகே ஒரு சிறிய கழகத்தின் முன்கள வீரராக வந்தார். முதற் குளிர்காலம் முழுவதும் மாற்று வீரர்களின் வாங்கில் உட்கார்ந்திருந்தவர், மூன்றாம் ஆண்டில் அந்த லீக்கிலேயே அதிக கோல் அடித்தார். முகவரி பதிய நகரசபைக்குப் போன இடத்தில்தான் அங்கு வேலை செய்த அக்காவைக் கண்டார். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. “மாமி, இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ” என்று அத்தான் சோற்றுக்குத் தமிழிலேயே கேட்கத் தொடங்கியபின் அம்மாவின் கோபம் நிலைக்கவில்லை.

இந்த வசந்தத்தில் அத்தானைப் பற்றி அம்மாதான் முதலில் சொன்னார். “தம்பி, இவர் படி ஏறேக்கை நடுவிலை நிண்டு மூச்சு வாங்கிறார். பாத்தனியே?”

நான் பார்த்திருந்தேன். தனியாக ஓடும்போது ஒருமுறை மயங்கியதை அத்தான் கழகத்துக்கு மறைத்திருந்தார். இதய மருத்துவரைச் சந்திக்க நேரம் குறித்து டெர்மின் எடுத்து, விளங்காத ஜெர்மன் சொற்களை விளக்க என்னை அழைத்துப் போனார். தகப்பனார் இறந்த விதத்தைக் கேட்டதும் மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். இதயத் தசை தடித்திருக்கிறது, பரம்பரையாக வருவது, இன்றிலிருந்தே விளையாடக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் அத்தான் என் கையைப் பிடித்தார். “மச்சான், அக்காட்டைச் சொல்லாதை. ஒரு மட்ச்தான் இருக்கு. வெண்டால் மேல் லீக். பிறகு விடுறன்.”

“ஏலாது அத்தான். இண்டைக்கே எண்டெல்லோ சொன்னவர்!”

“எனக்கு வேறை ஒண்டும் தெரியாது, மச்சான்.”

நான் சரி என்று தலையாட்டினேன்.

அந்தப் போட்டியில் அத்தான் இரண்டு கோல் அடித்தார், கழகம் வென்றது. அக்கா மகிழ்ச்சியில் அழுதார். நான் அத்தானின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது. மருத்துவர் பிழையாகச் சொல்லியிருப்பார் என்று அத்தான் சொன்னார், நானும் நம்பினேன். கோடையில் பலமுறை அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் சொல்லவில்லை.

மேல் லீக்குக்கான முதற் பயிற்சியில், தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்த அத்தான் நிமிரவில்லை. வயது இருபத்தொன்பது.

அம்புலன்ஸ் வரும்வரை அவர் மார்பை அழுத்திக்கொண்டே இருந்த கோல்காப்பாளருக்கும், தேவாலயத்திலும் கோயிலிலும் பிரார்த்தித்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளைத் தொலைபேசித் திரையில் மட்டுமே காண முடிந்த அத்தானின் தாயாருக்கும் எங்கள் நன்றி.

இருபதாம் நாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாட்கள் அவர் என் முகம் பார்க்கவில்லை. பிறகு, “அதை அப்பிடியே மலரிலை எழுது” என்றார். அவர்களுடைய ஆறு வயது மகளுக்கும் அந்த நோய் இருக்கிறதா என்று வருகிற செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் பரிசோதிக்கப் போகிறார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

“வா. பிள்ளையோடை வெளியிலை இரு. டொக்டர் சொல்லுறதை நான் கேக்கிறன்.”

செவ்வாய் காலை எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.