ஒரு துளி ரத்தமும் நான் மறைத்த தோட்டமும்

நான்கு நாள் காய்ச்சல். புதன்கிழமை காலை என் மனைவி வசந்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளால் நிற்க முடியவில்லை. ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை சரிந்திருந்தது. பினாங்கில் அப்படியென்றால் டெங்கி என்று எங்கள் வீட்டுப் பூனைகூடச் சொல்லும். சோதித்தார்கள். டெங்கி இல்லை.

முருகனடியார்களே, அடுத்து நான் செய்ததில் எனக்குப் பெருமை இல்லை.

"சமீபத்துல காட்டுப் பக்கம் எங்கயாச்சும் போனீங்களா அங்கிள்?" என்று கேட்டார் டாக்டர். நம் தமிழ்ப் பெண், சின்ன வயது.

"எங்கயும் போகல டாக்டர்."

வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

போயிருந்தோம். இரண்டு வாரம் முன்பு, பகாங்கில் ஒரு நண்பரின் காட்டோரத் துரியான் பழத் தோட்டத்துக்கு. வசந்திக்குச் சர்க்கரை, துரியானைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. உரித்து ஊட்டாத குறையாகக் கொடுத்தவன் நான். திட்டுக்குப் பயந்து, ஐம்பத்து மூன்று வயதில் பொய் சொன்னேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று மலேரியாச் சோதனைப் பட்டையில் ஒரு துளி ரத்தம் விட்டுப் பார்த்தார்கள். நெகட்டிவ். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் நானும் முருகனிடம் கேட்டிருந்தேன். ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தேன்.

வியாழன் காலை அவளுக்கு மூச்சு வாங்கியது. சிறுநீர் குறைந்தது. காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர்.

படிக்கட்டோரம் நின்று கைகூப்பினேன். வீடு நிறையப் பக்திப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு ஒரே வரிதான் வந்தது. "என்னன்னு காட்டிடு முருகா."

மயிலும் தெரியவில்லை, வேலும் தெரியவில்லை. மூடிய கண்ணுக்குள் பகாங் தோட்டத்து மரங்களில் தாவிய குரங்குகள்தான் தெரிந்தன. கால் தானாக டாக்டரிடம் போயிற்று.

"டாக்டர், பொய் சொல்லிட்டேன். துரியான் திங்கப் பகாங் போனோம். காட்டோரம். நிறையக் குரங்கு."

"குரங்கா! நேத்தே சொல்லக் கூடாதா அங்கிள்?"

"திட்டுவீங்கன்னு..."

"இப்ப மட்டும் கொஞ்சுவேனா?"

குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் மலேரியாவை அந்தப் பட்டை பல நேரம் பிடிக்காதாம். கிருமி குறைவென்றால் தகட்டிலும் தப்புமாம். ஆனால் ஒரே நாளில் பெருகுமாம். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒரு துளியைக் கெட்டியாகவும் இன்னொன்றை மெல்லியதாகவும் தடவி, சாயமிட்டு, லேப் பெண் கண்ணை எடுக்காமல் தேடினார். வாசலில் நான் நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தேன்.

கதவு திறந்தது. "அண்ணே, இருக்கு. கெட்டித் துளியில மாட்டிக்கிச்சு."

மனைவிக்கு மலேரியா என்று கேட்டு அழுது கும்பிட்டவன் இந்தத் தீவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மெல்லிய படலத்தில் கிருமியின் வடிவம் பார்த்து, உடனே ஊசி மருந்து ஏற்றினார்கள். எந்த வகை என்பதை உறுதிசெய்ய ரத்தத்தை மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார்கள். குரங்கு மலேரியாவேதான் என்று பிறகு முடிவு வந்தது.

சனிக்கிழமை வசந்தி தெளிவாகக் கண் விழித்தாள்.

"துரியான் விஷயத்தச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எத்தன சுளைன்னுமா?"

"அதயும்தான்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே முருகனுக்கு நன்றி சொன்னேன்.

இன்ன முடிவு வேண்டும் என்று இப்போதெல்லாம் நான் வேண்டுவதில்லை. உள்ளது தெரியட்டும் என்கிறேன். நேற்று அவள் பாசாருக்குத் தனியாக நடந்து போய்க் காய்கறி வாங்கி வந்தாள். நீங்களும் நம்பிக் கேளுங்கள், அவன் காட்டுவான். காட்டியதை டாக்டரிடம் போய்ச் சொல்லும் வேலை மட்டும் நம்முடையது.