கிழப் பூனைக்குப் பூக் கேட்டேன்

எங்கள் பூனைக்கு வயதாகிவிட்டது. சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டு சோபாவுக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு சின்ன நாட்டை ஆண்டுகொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளேயே கிடப்பவளுக்குத் தடுப்பூசி எதற்கு என்று சில வருஷங்களாக விட்டுவிட்டோம். ஒரு மழை நாளில் என் கணவர் சிலிபின் வட்டாரக் கடைகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு குட்டிகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டுக்கும் மூக்கில் சளி, கண்ணில் பீளை.

"குட்டிங்ககிட்டேருந்து இவளுக்குத் தொத்துனா கஷ்டம்," என்றார் மிருக டாக்டர், இளம் தமிழ்ப்பெண். "ஊசி போட்டா பாதுகாப்பு. ஆனா இந்த ஒடம்புக்குச் சோர்வு வரலாம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குக்கா. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கத்தான் முடியவில்லை.

"நீயே சொல்லு லா," என்றார் கணவர்.

"குட்டிங்கள தூக்கிட்டு வந்தது நீங்க. நீங்க சொல்லுங்க."

போடச் சொல்லி அவள் செத்துப்போனால்? வேண்டாமென்று சொல்லிச் செத்துப்போனால்? இரண்டு கேள்வியிலும் பூனையைவிடப் பெரிதாக நானே நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போனோம். ரப்பர் போய்ப் பாமாயில் தரும் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போய்விட்டன, அம்மன் மட்டும் இருக்கிறாள். அங்கே பூக் கேட்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் செய், வெள்ளை வந்தால் வேண்டாம்.

"என்ன விஷயம்க்கா? கல்யாணமா?" என்று கேட்டார் பூசாரி.

"இல்லண்ணே. வீட்ல வயசானவங்க ஒருத்தவங்க. கிட்னி. ஊசி போடலாமா, வேணாமான்னு."

பூனை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. பக்கத்தில் நின்ற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமியாராம்மா?"

"ம்."

என் மாமியார் பாகான் செராயில் சௌக்கியமாக இருக்கிறார்.

பூசாரி கண்ணை மூடி நெடுநேரம் வேண்டினார். வரிசையில் நின்றவர்களும் கைகூப்பினார்கள். முகம் தெரியாத அத்தனை பேர், இல்லாத ஒரு நோயாளிக்காக. அந்த அம்மாளே ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் சிவப்பு.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்போதுதான் புரிந்தது, நான் வெள்ளையை எதிர்பார்த்து வந்திருக்கிறேன். வேண்டாம் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டுப் பழியை வாங்கிக்கொள்ள ஆள் தேடியிருக்கிறேன். ஆள் கிடைக்காமல் அம்மனைப் பிடித்திருக்கிறேன்.

"நெத்தியில வச்சு விடும்மா, எந்திரிச்சு உக்காந்துருவாங்க," என்று அந்த அம்மாள் குங்குமத்தை இலையில் மடித்துத் தந்தார். வாங்கிய கை கூசியது.

காரைப் பெரிய ரோட்டில் ஏற்றினார் கணவர். பிறகு, "எங்கம்மாவுக்கு எப்ப வால் மொளைச்சுது?" என்றார்.

"சிரிப்பாங்கன்னு பயந்தேன்."

"சிரிச்சா சிரிக்கட்டும் லா. இத்தனை வருஷமா ஒன் காலடியிலயே கெடக்குறா. பூனைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவளைப் பற்றிக் கதைகளில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அவளுடைய கண்ணுக்கு எத்தனை உவமை. நாலு பேர் முன்னால் அவளை என்னுடையவள் என்று சொல்ல வாய் வரவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். தட்டை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். முதுகுத் தோலைப் பிடித்து விட்டால் மெதுவாகத்தான் இறங்கியது, உடம்பில் நீர் வற்றியிருந்தது. கிளினிக்குக்குக் கொண்டுபோனோம்.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்றார் டாக்டர். கணவர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஊசி வேணாம் டாக்டர். காலையிலேருந்து சாப்பிடல. மொதல்ல தேறட்டும், ரத்தம் பாத்துட்டு மறுபடி பேசலாம். குட்டிங்கள தனியா வச்சிக்கிறோம்."

அந்த வாக்கியம் என்னுடையது.

"சரிக்கா. நானும் அதான் சொல்லலாம்னு இருந்தேன். இன்னைக்குத் தண்ணி ஏத்துவோம். குட்டிங்கள தொட்டா கை கழுவுங்க, சட்டைய மாத்துங்க."

திரும்பும்போது கூடை என் மடியில் இருந்தது. கம்பிக்குள் விரலை விட்டேன். அவள் நக்கவில்லை, விலகவும் இல்லை. குட்டிகளின் சளி இனி அவள் மூச்சில் ஏறலாம். ஏறினால் அது ஊசி வேண்டாமென்று நான் சொன்னதால்தான். கணவர் என்னவோ கேட்டார். காதில் விழவில்லை. அவள் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.