நான் சொல்லாத கவிதை

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில், பழைய ஜப்பானியக் கவிதைகளைப் பற்றிய பொதுச் சொற்பொழிவு ஒன்றுக்கு மனைவியோடு போயிருந்தேன். ஜப்பானியப் பேராசிரியை ஆயிரம் ஆண்டுப் பழமையான கவிதையொன்றைச் சொல்லிக் காட்டியதும், எல்லோரும் வியந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இஞ்சேருங்கோ, சும்மா இருங்கோ," என்று மனைவி கையைப் பிடித்தாள்.

உதறிவிட்டு எழுந்தேன். "எங்கள் தமிழ்க் கவிதைகள் இதைவிடப் பழையவை," என்று ஜெர்மனில் சத்தமாகச் சொன்னேன்.

பேராசிரியையின் முகம் மலர்ந்தது. "அப்படியா! ஒன்றைத் தமிழிலேயே சொல்லுங்களேன். அந்த ஓசையைக் கேட்க ஆசையாக இருக்கிறது."

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. தலைகுனிந்து உட்கார்ந்தேன்.

முடிந்ததும் அவரே என்னைத் தேடி வந்தார். "திடீரென்று கேட்டுச் சங்கடப்படுத்திவிட்டேன், மன்னியுங்கள்," என்று குனிந்து வணங்கினார்.

"மறந்துவிட்டது," என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் கூசுகிறது. மறப்பதற்கு, நான் அவற்றில் ஒன்றையாவது படித்திருக்க வேண்டுமே.